நானாவிடம் இருந்த பியானோ

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல தைப்பூசம் போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் பால்குடத்தை இறக்கி வைத்ததும், இந்த வருடம் எழுதிவிட வேண்டும் என்று முருகனிடம் சொல்லிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் கை வராது. நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், யாரைப் பற்றி எழுதப் போகிறேனோ அவருக்குத் தன்னைப் பற்றிப் பேசுவது பிடிக்காது. “செஞ்சதச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா, செஞ்சது அங்கயே முடிஞ்சிருச்சும்மா” என்பார்.

போன மாதம் கோயில் அன்னதானத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த ஓர் அக்கா, என்னை யாரென்று தெரியாமல், எனக்கே அவர் கதையைச் சொன்னார்.

“பழைய டவுன்ல ஒரு நானா கடெ இருந்துச்சுலா. மாடியில ஒரு பியானோ. அதுக்குள்ள தானா வெளிச்சம் வருமாம். ராவும் பகலும் எரியுமாம்.”

“அது பல்புக்கா” என்றேன்.

“எந்தப் பல்பு? ஒனக்கு என்னா தெரியும்?” என்று அவர் கோபித்துக்கொண்டார்.

அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். அவர் பெயரை எழுதவில்லை. கடைப் பெயரும் வேண்டாம். அந்தக் கடைக்கு வந்த சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டார்கள். தமிழ் முஸ்லிம் கடைக்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் அவர் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தேன். விடிந்ததும் வெங்காயம் உரிப்பது, பிறகு எச்சில் தட்டு, மங்கு கழுவுவது. எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துவிட்டு லயத்தைக் காலி செய்யச் சொன்ன பிறகு, லகாட் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் காய்கறி லோரி ஓட்டினார். ஒரே மகள்.

நானாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கடை சாத்தும் முன் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மேசைக்கும் அடியில் குனிந்து பார்ப்பார். யாராவது எதையாவது விட்டுப் போயிருந்தால் எடுத்துத் துடைத்து, கல்லாவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் வைப்பார். குடை, மூக்குக் கண்ணாடி, குழந்தையின் பால் போத்தல், ஒற்றைச் செருப்பு என்று அந்த அலமாரி நிறைந்திருந்தது. ஒரு தம்ளரில் யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன பல்செட்டு ஒன்றும் இருந்தது.

டீ கலக்கும் சலீமுக்கு அந்தப் பல்லைக் கண்டாலே ஆகாது. “நானா, அந்தப் பல்லுக்காரன் இந்நேரம் கஞ்சி குடிச்சே செத்திருப்பான். தூக்கிப் போடுங்கலா.”

“செத்திருந்தா அவன் புள்ள வரும். நீ டீய ஆத்து.”

“புள்ள வந்து அத மாட்டிக்கிட்டா போகப் போவுது?”

“மாட்டுறானோ, பொதைக்கிறானோ, அது அவன் பாடு. இது அமானிதம்லா.”

அமானிதம் என்ற சொல்லை அவர் வாயில்தான் முதலில் கேட்டேன். ஒருவர் நம்மிடம் விட்டுப்போன பொருள். விட்டவர் மறந்தாலும் வைத்திருப்பவர் மறக்கக் கூடாது. நமக்குச் சொந்தமாகாது, நம் கையை விட்டுப் போகவும் கூடாது. கோயில் குருக்களிடம் கேட்டேன். நம்மில் அதை அடைக்கலம் என்பார்கள் என்றார்.

ஒரு நாள் காலையில் மூலை மேசைக்கு அடியில் ஒரு துணிப்பை இருந்தது. நானா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் என்னைக் கூப்பிட்டார்.

“இது என்னான்னு பாரும்மா.”

மஞ்சள் துணியால் வாய் கட்டிய மண் கலயம். மேலே வாடிய ரோஜாப்பூ. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடலில் கரைக்கக் கொண்டுபோன அஸ்தி. யாரோ லூமுட் கடற்கரைக்குப் போகிற வழியில் டீ குடிக்க நின்றிருக்கிறார்கள்.

“நானா, இத உள்ள வைக்கக் கூடாது. நம்ம மொறையில மரத்துல கட்டித்தான் வைப்பாங்க. வீட்டுக்குள்ள, கடைக்குள்ள ஆவாது.”

அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு மாமரம் இருந்தது. “நீயே கட்டும்மா, ஒங்க மொறை எனக்குத் தெரியாது” என்றார். நான் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு கட்டினேன். பெற்ற பிள்ளையிடம்கூடக் கல்லாவை விட்டுக் கொடுக்காத மனிதர், அன்றைக்கு அதைச் சலீமிடம் விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மரத்தடியில் போட்டு உட்கார்ந்துவிட்டார். காக்காய் வந்தால் கையை வீசி விரட்டினார். தொழுகைக்குப் போகும்போது என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முப்பது வயதுப் பையன் இருக்கும். மொட்டை போட்ட தலை, அழுது வீங்கிய கண். கடற்கரை வரை போய்ப் பார்த்தால் கையில் கலயம் இல்லையாம். வழியில் நின்ற இடமெல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். மரத்தைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நானா அவனைத் திட்டவில்லை.

“அம்மாவா, அப்பாவா தம்பி?”

“அம்மா.”

“அழுவாதீங்க. பத்திரமாத்தான் இருக்காங்க. தூங்குனீங்களா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

“டீ குடிச்சிட்டுப் போங்க. இந்த வாட்டி மடியில வச்சிக்கிட்டுக் குடிங்க.”

அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். மரத்தடியிலேயே, மடியில் தாயை வைத்துக்கொண்டு டீ குடித்தான்.

பியானோ அந்தக் கடையின் மாடியில் இருந்தது. மாடியை முன்பு ஒரு சீன ஆசிரியை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார். மகனோடு இருக்க வெளிநாடு போகப் போகிறேன் என்று ஒரு நாள் வகுப்பை மூடிவிட்டார். மற்ற சாமானெல்லாம் லோரியில் ஏறியது. பியானோவுக்கு இடமில்லை. படியிறங்கும்போது அவர் நானாவிடம் மலாயில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார்: “பியானோ இத்து, நானா சிம்பான் லா.”

அந்த வாக்கியத்தை நானா எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். யார் வந்து விலை கேட்டாலும் அதுதான் பதில். “சிம்பான் லான்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. பத்திரமா வைக்கச் சொன்ன சாமான நான் எப்படிக் குடுக்கிறது?”

மாடியில் மாவு மூட்டை வைக்க இடமில்லாமல் சலீம் புலம்புவான். நானா அசையமாட்டார். ஈரத்தில் பியானோ கெட்டுவிடும் என்று ஆசிரியை அதன் அடிப்பலகைக்கு உள்ளே ஒரு சின்னப் பல்பு போட்டு வைத்திருந்தார். அது ராப்பகலாக எரியும். சந்து வழியாக மஞ்சள் வெளிச்சம் கசியும். பல்பு கருகினால் நானாவே ஏறிப்போய் மாற்றுவார். கோயில் அக்கா சொன்ன வெளிச்சம் அதுதான்.

மகள் பள்ளி விட்டதும் கடைக்கு வருவாள். என் வேலை முடியும் வரை மாடியில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். ஒரு நாள் நான் மங்கு கழுவிக்கொண்டிருந்தபோது மேலிருந்து சத்தம் கேட்டது. சமய வகுப்பில் சொல்லிக் கொடுத்த பாட்டு. பிசிறு பிசிறாக வந்தது. ஆனால் அந்தப் பாட்டுத்தான். எனக்குப் புல்லரித்தது. அடுத்த நிமிடம் பயம் பிடித்துக்கொண்டது. மேலே ஓடினேன். எனக்கு முன்னால் நானா நின்றுகொண்டிருந்தார்.

“யாரு தொறக்கச் சொன்னா?” என்றார். கோபக் குரல் இல்லை. ஆனால் முகம் இறுகியிருந்தது. “அடுத்தவங்க சாமான் பாப்பா. வைக்கலாம், தொடைக்கலாம். பொழங்கக் கூடாது.”

மகள் மூடியை இறக்கி வைத்தாள். அழவில்லை. அதற்குப் பிறகு மாடிக்கே போகவில்லை. பின்கட்டில் என் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அது எனக்கு அதிகமாக வலித்தது.

இரண்டு வெள்ளிக்கிழமை போயிருக்கும். நானா பள்ளிவாசலிலிருந்து நேராகப் பின்கட்டுக்கு வந்தார்.

“பாப்பா, இங்க வா. அந்த மிஸ் ஒரு தடவ சொன்னாங்க, யாரும் தொடாம வச்சா பியானோ செத்துப் போகும்னு. எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. அப்ப தெனமும் ஒருத்தர் தட்டிக்கிட்டே இருக்கணும். அதுவும் பாதுகாப்புத்தான?”

மகள் என்னைப் பார்த்தாள்.

“நீ வாசிக்கல. ஜாகா பண்ற. வெளங்குதா? யாராச்சும் கேட்டா, காவல் இருக்கேன்னு சொல்லு.”

அன்றிலிருந்து அவள் தினமும் காவல் இருந்தாள். கைப்பேசியில் பார்த்துப் பார்த்துத் தானாகவே படித்துக்கொண்டாள். நானா கல்லாவில் இருந்தபடி, “இன்னிக்கு ஜாகா நல்லா இருந்துச்சு” என்பார். ஒரு முறை தயங்கித் தயங்கி நான் கேட்டேன். அந்தப் பியானோவை நாங்கள் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று. அவருக்கு முகம் வாடிவிட்டது. “ஒனக்கு இல்லன்னு சொல்ல எனக்குக் கஷ்டமா இருக்கும்மா. ஆனா என்னுதா இருந்தாத்தான நான் குடுக்க முடியும்?” என்றார். நான் மறுபடி கேட்கவில்லை.

மகள் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு நானாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சர்க்கரை முற்றி, ரத்தம் சுத்தம் செய்ய வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடையை மூடிவிடலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். அவர் கவலைப்பட்டது கடைக்காக இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது என்னிடம் சொன்னார்:

“கைய வீசிக்கிட்டுப் போகணும்மா. அடுத்தவன் சாமானோட போயி அங்க நின்னா என்னான்னு பதில் சொல்றது?”

கொஞ்சம் தெம்பு வந்ததும் அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்தார். ஆள் தெரிந்ததையெல்லாம் தேடிப் போய்க் கொடுத்தார். ஆயர் தாவாரில் இருந்த ஒருவருக்கு ஒரு குடையைக் கொண்டுபோய்க் கொடுக்க, அவர் குடையைப் பார்த்துவிட்டு இது யாருடையது என்று கேட்டாராம். ஆள் தெரியாத சாமான்களை, புண்ணியம் சொந்தக்காரர் பெயரில் சேரட்டும் என்று, பள்ளிவாசல் வழியாகத் தர்மத்துக்குக் கொடுத்தார். பல்செட்டை யாரும் வாங்கவில்லை. அதை மாமரத்தடியில் அவரே புதைத்தார். மண்வெட்டி கொண்டுவந்து கொடுத்தது சலீம்தான்.

கடைசியாகப் பியானோ மட்டும் நின்றது. அதைப் பினாங்கில் இருக்கும் பெரிய பிள்ளையின் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு நடந்தது. அமானிதத்தைப் பிள்ளை தலையில் கட்டுவதா என்று நானாவுக்குத் தூக்கமில்லை. அங்கே போனால் இனி தொடவே முடியாது என்று மகளுக்குத் தெரியும்.  மாடியில் முன்னைவிட அதிக நேரம் உட்கார்ந்தாள். நான் செவ்வாய்க்கிழமை தவறாமல் விளக்குப் போட்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. நானா பாரம் இறங்க வேண்டும் என்றா, பியானோ எங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றா? இரண்டும் ஒன்றாக நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் ரொட்டி வாங்க வந்த ஒரு சீனப் பெண், முன்பு அதே மாடியில் படித்தவள், ஆசிரியை திரும்பி வந்துவிட்டார், காம்பாரில் தங்கையோடு இருக்கிறார் என்றாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் யாரிடமோ வேன் இரவல் வாங்கி வந்தார். நானாவை முன்னால் உட்கார வைத்து, நானும் மகளும் பின்னால் ஏறிக்கொண்டோம்.

ஆசிரியை வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. நானாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். பேச்செல்லாம் மலாயில்தான். எங்கள் எல்லாருக்கும் பொதுவான மொழி அதுதான். தமிழில் எழுதுகிறேன்.

“நானா! ஐயோ, இப்படி எளைச்சுப் போயிட்டியே!”

“மிஸ், ஒங்க பியானோ பத்திரமா இருக்கு. எப்ப எடுத்துக்கிறீங்க?”

“எந்தப் பியானோ?”

“மாடியில விட்டுட்டுப் போனீங்களே.”

“அதையா! அதத்தான் அன்னிக்கே ஒனக்குக் குடுத்துட்டேனே.”

நானா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “இல்ல மிஸ். சிம்பான் லான்னு சொன்னீங்க.”

“ஆமா. சிம்பான் லா. நீயே வச்சுக்கோன்னு சொன்னேன்.”

தமிழில் ‘வச்சிருங்க’ என்றால் ஒன்று, ‘வச்சுக்கங்க’ என்றால் இன்னொன்று. எழுத்துக் கொஞ்சம் மாறினால் பொருளே கைமாறிவிடும். அவர்கள் இரண்டு பேரும் பேசிய கடைத்தெரு மலாயில் இரண்டுக்கும் ஒரே சிம்பான்தான். அவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்; இவர் வாங்கிக்கொள்ளாமலே காத்திருக்கிறார்.

ஆசிரியை சிரிக்க ஆரம்பித்தார். நானாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “இத்தன வருஷமும் எனக்காகவா வச்சிருந்த?” என்று மெதுவாகக் கேட்டார். கையிலிருந்த ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

நானா எங்கள் பக்கம் கையைக் காட்டினார். “மிஸ், இவங்க முன்னால இன்னொரு வாட்டி சொல்லுங்க. சிம்பான்னு சொல்லாதீங்க. வேற சொல்லுல சொல்லுங்க.”

ஆசிரியை குழாயைக் கீழே போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, சாமி முன்னால் நிற்பதுபோல நேராக நின்று சொன்னார். “பாகி. நான் ஒனக்குக் குடுத்துட்டேன். அது ஒன்னுது.”

 திரும்பும்போது வேனில் கோப்பேங் வரை நானா கண்ணை மூடியே இருந்தார். இத்தனை வருடம் வீணாகக் காத்தோமே என்று நொந்துபோய்விட்டாரோ என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. சிம்பாங் பூலாய் மலை தெரிய ஆரம்பித்ததும் தானாகச் சிரித்தார்.

“தப்பா வெளங்கிக்கிட்டதும் நல்லதுக்குத்தான்மா. என்னுதுன்னு தெரிஞ்சிருந்தா அந்த வாரமே பழைய சாமான் லோரியில ஏத்திட்டு மாவு மூட்டைய அடுக்கியிருப்பேன்.”

பிறகு பின்னால் திரும்ப முடியாமல், கண்ணாடியில் மகளைப் பார்த்துச் சொன்னார்:

“பாப்பா, ஜாகா முடிஞ்சிருச்சு. இனிமே நீ வாசிக்கலாம்.”

அத்தனை வருடம் அழாத என் மகள் அன்றைக்குத்தான் அழுதாள்.

நானா எங்களுக்கே கொடுத்துவிட்ட பியானோ வீட்டுக்கு வந்த நாளை இங்கே சொல்லாமல் விட முடியாது. எங்கள் வீட்டுக் கூடத்தில் வெயிலும் சாரலும் படாத சுவர் ஒன்றுதான். அதில் சாமி மேடை இருந்தது. மேடையை ஓரமாக நகர்த்தி, பக்கத்திலேயே பியானோவுக்கு இடம் விட்டோம். பியானோவுக்குக் கீழே சின்னச் சக்கரங்கள் இருந்தன. சக்கரம் என்று பார்த்ததும் என் வீட்டுக்காரர் உள்ளே ஓடிப்போய் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து, புதுக் காடிக்கு வைப்பதுபோல ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று வைத்துவிட்டார்.

“என்னாலா இது, இது ரோட்டுல ஓடப் போவுதா?” என்று தூக்கி வந்த சலீம் மூச்சு வாங்கக் கத்தினான்.

“ஓடாட்டியும் பரவால்ல. சக்கரம் இருக்கில்ல?”

வாசலில் உட்கார்ந்திருந்த நானா இருமல் வரும் வரை சிரித்தார். பழம் நசுங்கிப் பியானோ உள்ளே வந்தது. திருநீறு பூசினேன். நானா பல்பு எரிகிறதா என்று கேட்டு, எரிகிறது என்ற பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார். மகள் வாசித்தாள். முதல் நாள் திருட்டுத்தனமாக வாசித்த அதே பாட்டு. ஒரு கட்டை அமுங்கினால் எழும்பாது. அதைத் தாண்டித் தாண்டி வாசித்தாள்.

“சாமி பாட்டா?” என்றார்.

“ஆமா நானா.”

“நிம்மதியா இருக்கு கேக்க.”

புறப்படும்போது, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, சிரமப்பட்டுக் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் பார்த்தார்.

“என்னா நானா தேடுறீங்க?”

“ஒண்ணும் இல்லம்மா. எதையும் விட்டுட்டுப் போறேனான்னு பாத்தேன்.”

அடுத்த நோன்பு மாதம் பிறக்கும் முன் அவர் மவுத்தானார். அவர் வீட்டு வாசலில் மற்றப் பெண்களோடு நானும் நின்றிருந்தேன். வெள்ளைத் துணியில் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது, கையை வீசிக்கொண்டு போகிறார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் கதைகள் கிளம்பின. சீனத்தியின் பியானோவை அமுக்கி வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டார் என்று கடை வரிசையில் சிலர் பேசினார்கள். பியானோவுக்குள் அஸ்தி இருந்தது, அதனால்தான் வெளிச்சம் வருகிறது என்று சிலர் அவரை மகானாக்கினார்கள். அவரைக் குறைத்தவர்களும் பெருக்கியவர்களும் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்தவர் பொருளில் ஒரு துரும்பைக்கூட அவர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பியானோவை நானா எங்களுக்குக் கொடுத்தார். அது பாகி. நடந்த விஷயத்தை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அது என்னிடம் சும்மா இருந்தது. இன்றைக்கு அதை அமானிதமாக உங்களிடம் வைக்கிறேன். யாரிடம் சொன்னாலும் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவர் பெயரைத் தேட வேண்டாம். அவரைத் திருடராக்கவும் வேண்டாம், சாமியாக்கவும் வேண்டாம். பல்பைப் பல்பு என்றே சொல்லுங்கள்.